திரும்பி வரும் இஞ்சினின் விலை

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தராசு. முகத்துக்கு நேரே மட்டும் மேடம். விண்வெளி நிறுவனத்தில் செலவு மதிப்பீட்டுப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. ஒரு ராக்கெட்டைக் கட்ட எவ்வளவு ஆகும், ஒரு தடவை பறக்கவிட எவ்வளவு ஆகும் என்பதை, அது வெறும் படமாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். "பெண் பார்க்கவே போகாத வீட்டுல பேரனுக்குப் பள்ளிக்கூடச் செலவு போடற வேலை" என்று அவள் கணவர் கேலி செய்வார். அவர் பல் மருத்துவர். வாயைத் திறந்து பார்த்த பிறகே விலை சொல்லும் தொழில் என்பதால் அவருக்கு அந்தக் கேலி சுலபம்.

அந்த வருடம் நிறுவனத்தில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, 'வண்டி'. அதுவரை அனுப்பிய ராக்கெட்டுகள் எல்லாம் போனால் போனதுதான். கீழ்ப்பாதி மேல்பாதியை உந்திவிட்டுக் கடலில் விழும். அதோடு ஏழு இஞ்சின்களும் மூழ்கும். புது வண்டியின் கீழ்ப்பாதி அப்படி இல்லை. வேலை முடிந்ததும் திரும்பி வந்து தரையில் நாலு காலை ஊன்றி நிற்கும். சோதித்து, துடைத்து, மறுபடி அனுப்பலாம்.

இதை வரைந்தவர் தலைமை வடிவமைப்பாளர். அவர் முதலில் வரைந்தது விமானம் மாதிரி இறக்கை வைத்த வண்டி, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் இரண்டுமே திரும்பி வருவது. நிதி அமைச்சகம் முதல் வருடம் இறக்கையை வெட்டியது. அடுத்த வருடம் மேல்பாதி திரும்பி வருவதை வெட்டியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் மிஞ்சியது இந்த நாலு கால். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் பெயர் இறக்கை. இல்லாததை வைத்துப் பட்டம் கட்டுவதில் அந்த அலுவலகத்தாரை மிஞ்ச ஆள் கிடையாது.

வெட்டியது போக அமைச்சகம் ஓர் உச்சவரம்பும் வைத்திருந்தது. வருடத்துக்கு இவ்வளவுதான், எல்லா வருடமும் ஒரே அளவு. வளர்கிற பிள்ளைக்கு ஒரே அளவில் பத்து வருடத்துக்குச் சட்டை தைத்து வைத்தது போல. கட்டுமானம் அப்படி நடப்பதில்லை. நடு வருடங்களில் அது மலைப்பாம்பு மாதிரி விழுங்கும், பிறகு அடங்கிக் கிடக்கும்.

இயக்குநர் ஒருநாள் தராசையும் இறக்கையையும் தன் அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர். கெட்ட சேதியைச் சொல்வதற்கு முன் மேசையில் இருக்கும் பேனாக்களை ஒழுங்காக அடுக்குவது அவர் வழக்கம். அன்று வெகுநேரம் அடுக்கினார்.

"ஒரு தடவை பறக்க ஆகற செலவு, பழைய ராக்கெட்டுல மூணுல ஒரு பங்குதான்னு அமைச்சர் பேசிட்டார்."

"எந்தக் கணக்குல பேசினார் சார்?" என்றாள் தராசு.

"மேடைக் கணக்குலதான். வருஷத்துக்கு இருபத்தினாலு தடவை பறக்கும்னு போட்டா மூணுல ஒண்ணு வருது. போட்டுடலாமே."

"போடலாம். நம்மகிட்ட இருக்கறது ஒரே ஒரு பொருத்துக் கொட்டகை. அதுல ஒரு வண்டியை நிமிர்த்திப் பூட்டி வெளிய எடுக்க ரெண்டு மாசம். வருஷத்துக்கு ஆறு. மிச்சம் பதினெட்டை எங்க வச்சுப் பூட்டறது, வராந்தாவிலயா?"

இறக்கை சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை.

"இன்னொரு கொட்டகை கட்டினா?"

"பன்னிரண்டு. ஆனா முதல் மூணு வருஷம் உச்சவரம்பை ஒண்ணரை மடங்கு ஆக்கணும்."

"அமைச்சகத்துல போய் அந்த வார்த்தையைச் சொன்னா, உக்காந்திருக்கற நாற்காலியையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார் இயக்குநர். அடுக்கிய பேனாக்களைக் கலைத்துப் போட்டார். "சரி, ஆறுன்னே போடுங்க. எவ்வளவு வருதோ வரட்டும்."

ஆறுக்கே, பழைய செலவில் பாதி என்று வந்தது. இறக்கைக்கு அது போதும். படத்தில் இறக்கையும் போய் மேல்பாதியும் போன பிறகு, செலவில் பாதியாவது மிஞ்சியதே என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்தாள்.

தராசின் கணவருக்கு ஒரே தங்கை. வீட்டில் கடைக்குட்டி என்பதால் பாப்பா. ஐம்பது வயதாகி, நாடாளுமன்ற உறுப்பினராகி, பின்னால் பாதுகாப்புக்கு ஒரு கார் வர ஆரம்பித்த பிறகும் பாப்பாதான். விண்வெளி நிறுவனத்தின் பட்ஜெட்டைப் பார்க்கும் கமிட்டியில் அவளும் ஓர் உறுப்பினர். அவள் அந்தக் கமிட்டிக்குள் நுழைந்த அன்றே தராசு உறவைச் சொல்லி இயக்குநருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டிலும் ஒரு விதி போட்டார்கள். சாப்பாட்டு மேசையில் ஆபீஸ் பேச்சு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு பாப்பா வந்து உட்கார்ந்தாள். பழத்தை உரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அண்ணனின் முழங்கால் வலியை விசாரித்தாள். பிறகு சொன்னாள்.

"ஆபீஸ் பேச்சு பேச வரல அண்ணி. என் தொகுதிப் பேச்சு பேச வந்தேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா அது என் தப்பு இல்ல."

"பாப்பா, வேண்டாம்."

"உங்க கணக்கு என்னன்னு நான் கேக்கல. கேட்டாலும் சொல்ல மாட்டீங்க. இஞ்சின் செய்யற தொழிற்சாலை என் ஊர்ல இருக்கு. ஆறு தடவை பறந்தா வருஷத்துக்கு நாப்பத்திரெண்டு இஞ்சின். எல்லாம் கடல்ல விழறதால நாப்பத்திரெண்டும் மறுபடி வேணும். இனிமே திரும்பி வரும்னா எட்டு போதும். அங்க ஆயிரத்தி அறுநூறு பேர் வேலை செய்யறாங்க. உங்க காகிதத்துல இஞ்சின் விலைன்னு ஒரு வரிதான் இருக்கும். ஒரு தடவை வந்து கண்ணால பாத்துட்டு அந்த வரியை எழுதுங்க."

பல் மருத்துவர் மெல்ல எழுந்தார். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி. யாருக்காவது பல் வலிச்சா மட்டும் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

தராசுக்குக் கோபம்தான் வந்தது. நாத்தனார் விதியை மீறிய கோபம் பாதி. மீதிப் பாதி, தான் அந்தத் தொழிற்சாலைக்குள் காலே வைக்காமல் கணக்குப் போட்டதை நாத்தனார் கண்டுபிடித்துவிட்டாளே என்பது. மறுநாள் இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னாள். "போய்ப் பாத்துட்டு வாங்க, ஆனா நிறுவனத்து ஆளாப் போங்க, நாத்தனார் வீட்டு விருந்தாளியாப் போகாதீங்க" என்றார் அவர். இறக்கையையும் கூப்பிட்டாள். "இஞ்சின் விலை அவங்க பில்லுலயே இருக்கு, இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?" என்று அவர் வரவில்லை.

தொழிற்சாலை ஊருக்கு வெளியே, நீளமான சாம்பல் நிறக் கூரையோடு இருந்தது. ஆலை மேலாளர் மெதுவாகப் பேசுகிறவர். எதையும் ஒளிக்காமல் சுற்றிக் காட்டினார். முதலில் வெல்டிங் கூடம். முகமூடி போட்ட பெண்களும் ஆண்களும் கையகலக் குழாய்களின் மேல் குனிந்திருந்தார்கள். அதைத் தாண்டினால் உலை. சின்ன வீடு அளவுக்கு இருந்தது. காற்றை உறிஞ்சிவிட்டு உள்ளே இருக்கும் உலோகங்களை ஒட்டவைக்கும். வெளிச்சுவரில் கை வைத்தால் இதமான சூடு. கடைசியில், குன்றைக் குடைந்து கட்டிய சோதனை மேடை. இஞ்சினைக் கட்டிப் போட்டு எரிய விடும் இடம்.

தராசு உலை முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"நாப்பத்திரெண்டுக்குப் பதிலா வருஷத்துக்கு எட்டு இஞ்சின் போதும்னா, இதுல எதை அணைப்பீங்க?"

மேலாளர் யோசித்தார். "எதையும் அணைக்க முடியாதுங்க. உலை ஆறிட்டா திரும்பப் பதத்துக்குக் கொண்டு வரவே வாரக்கணக்கா ஆகும், உள்பூச்சும் விரிசல் விடும். நாப்பது வச்சாலும் எட்டு வச்சாலும் எரியத்தான் எரியும்."

"வெல்டர்கள்?"

"கொஞ்சம் குறைக்கலாம். ரொம்பக் குறைச்சா முடியாது. கை தொடர்ந்து ஓடணும், இல்லன்னா சோதனையில தேற மாட்டாங்க. சோதனை மேடைக்கு ஆள் எப்பவும் அதே ஆள்தான்."

அவள் போட்ட கணக்கில், எட்டு இஞ்சினுக்கு எட்டு இஞ்சினின் பழைய விலை. அந்தப் பழைய விலையோ, மொத்தத் தொழிற்சாலைச் செலவை நாற்பத்திரண்டால் வகுத்து வந்தது. இனி எட்டால் வகுக்க வேண்டும். சமையல்காரர் கூலி குறையாமல் சாப்பிடும் ஆள் மட்டும் குறைந்தால் ஓர் இலைக்கு ஆகும் செலவு ஏறத்தானே செய்யும். இத்தனை வருட அனுபவத்தில் இதைத் தான் எப்படி விட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை. பில்லில் இருந்த எண் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதனால் கேட்கவில்லை போலிருக்கிறது.

மேலாளர் கொடுத்த அறையிலேயே உட்கார்ந்து புதிதாகப் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தள்ளுவண்டியில் இஞ்சின் கூம்பு ஒன்றை வைத்து, பிறந்த குழந்தையைக் கொண்டுபோவது போல நடந்தார். வருடத்துக்கு ஆறு தடவை பறந்தால், திரும்பி வரும் வண்டிக்கும் தூக்கிப் போடும் ராக்கெட்டுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். உலோகம் மிச்சம், அந்த மிச்சத்தைக் காலும், கூடுதல் எரிபொருளும், இறங்கு களமும் தின்றுவிட்டன. பன்னிரண்டு தடவை பறந்தால் கதை வேறு. பழைய செலவில் பாதிக்கு வரும்.

ஊருக்குத் திரும்பி அதை இறக்கையின் முன் வைத்தாள். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மற்றவர்களும் இருக்கும்போதே, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"போன மாசம் பாதி. இந்த மாசம் ஒண்ணுமில்ல. நடுவுல நீங்க போய்ட்டு வந்தது உங்க நாத்தனார் தொகுதிக்கு. அந்த உலையை விட உறவு சூடு போல."

அறையில் யாரும் நிமிரவில்லை. தராசு காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே இயக்குநரிடம் போனாள். தன்னை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடும்படியும், நிறுவனத்துக்கு வெளியே ஒரு குழுவிடம் கொடுத்துச் சரிபார்க்கும்படியும் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு கழிப்பறைக்குப் போய் முகத்தை இரண்டு தடவை கழுவினாள். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேர் அவளிடம் எண் தப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். எண்ணை விற்றாய் என்று யாரும் சொன்னதில்லை.

இயக்குநர் விலக்கவில்லை. வெளிக்குழுவுக்கு மட்டும் அனுப்பினார். வெளிக்குழு மூன்று வாரம் குடைந்து, அவள் சொன்னதிலிருந்து இம்மி நகராத ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் இறக்கையே யாருக்கும் சொல்லாமல் தொழிற்சாலைக்குப் போய் வந்திருந்தார். ஒரு மதியம் அவள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உலையைப் பாத்தேன்."

"ம்."

"நான் அன்னிக்குப் பேசினது பேச்சே இல்ல. எல்லாரும் இருக்கறப்ப பேசினேன், அதனால எல்லாரும் இருக்கறப்பவே மறுபடி சொல்றேன்." எழுந்து நின்று, கூடத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி மன்னிப்புக் கேட்டார். தராசுக்குக் கூச்சமாக இருந்தது. "உக்காருங்க சார், படத்தைக் கொண்டு வாங்க, பன்னிரண்டுக்கு என்ன வேணும்னு பாப்போம்" என்றாள்.

கமிட்டியின் விசாரணை அடுத்த மாதம் நடந்தது. உயரமான கூரை, குதிரை லாட வடிவில் மேசைகள். சாட்சிக்கு நடுவில் ஒரு சின்ன மேசையும் தண்ணீர்க் குவளையும். தலைவர் வயதானவர், கட்சிகள் எல்லாம் மதிக்கும் மனிதர். தூங்குவது போல இருப்பார், தூங்க மாட்டார்.

தராசு எண்களைச் சொல்லி முடித்ததும், பாப்பாதான் முதலில் கையைத் தூக்கினாள். அந்த அறையில் அண்ணி இல்லை, பாப்பா இல்லை.

"மதிப்பீட்டுத் தலைவர் அவர்களே, வருடத்துக்கு ஆறு தடவைதான் என்றால், திரும்பி வரும் வண்டியால் நாட்டுக்கு ஒரு காசு மிச்சமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?"

"எடுத்துக்கொள்ளலாம்."

அறையில் சலசலப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். பாப்பாவுக்கு வேண்டியது கையில் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் வண்டி அன்றைக்கே செத்திருக்கும். தொழிற்சாலை நாற்பத்திரண்டு இஞ்சினையும் செய்துகொண்டே இருக்கும். பாப்பா காகிதத்தைப் புரட்டினாள். தராசுக்கு அந்த முகம் தெரியும். ஆரஞ்சை உரித்தபடி எதையோ யோசிக்கிற முகம்.

"இன்னொரு கேள்வி. தூக்கிப் போடும் ராக்கெட்டையே வைத்துக்கொண்டால், அதில் செயற்கைக்கோள் அனுப்ப இன்னும் எத்தனை வருடத்துக்கு ஆட்கள் வருவார்கள்?"

"அது மதிப்பீடு அல்ல, ஊகம்."

"ஊகத்தைச் சொல்லுங்கள்."

"மற்ற நாடுகளில் திரும்பி வரும் வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. விலை இறங்கும். பத்து வருடம் வருவார்கள். பிறகு நம் அரசாங்கம் மட்டுமே அனுப்பும், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ."

"அப்போது அந்த உலை?"

"அணைந்துவிடும்."

பாப்பா காகிதத்தை மூடி வைத்தாள். "பன்னிரண்டு தடவை பறந்தால், தொழிற்சாலைக்கு என்ன வேலை இருக்கும்?"

"ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஏழு இஞ்சினையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். வருடத்துக்கு எண்பத்துநாலு. அதோடு புதிது பத்தோ பன்னிரண்டோ. ஆட்களில் பத்தில் எட்டுப் பேருக்கு வேலை இருக்கும். ஆனால் அதே வேலையாக இருக்காது. புதிதாகக் கற்க வேண்டும்."

தலைவர் கண்ணைத் திறந்தார். "அம்மா, எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறோம் என்கிறீர்களா?"

"யானையை இன்னும் வாங்கவில்லை ஐயா. காலை மட்டும் வாங்கியிருக்கிறோம்."

சிரிப்பு எழுந்தது. அது அடங்கிய பிறகு அவள் சொன்னாள்: "வருடத்துக்கு இவ்வளவுதான் என்கிற உச்சவரம்பு, குறைந்த விலை, வெட்டாத வேலைகள், மூன்றையும் சேர்த்துக் கேட்கிறீர்கள். இரண்டைத் தர முடியும். எந்த இரண்டு என்பதை நாங்கள் முடிவு செய்ய முடியாது."

கூட்டம் முடிந்து நடைபாதையில் பாப்பா பின்னாலேயே வந்தாள். "அண்ணி, உச்சவரம்பை எவ்வளவு தூக்கணும்? சரியா சொல்லுங்க."

"எழுத்துல கேளு. எழுத்துல சொல்றேன்."

"சொந்த நாத்தனாருக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்க."

"சொந்த நாத்தனார்ங்கறதாலதான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் எழுத்தில் கேள்வி வந்தது. எழுத்தில் பதில் போயிற்று. மூன்று வருடத்துக்கு, ஒன்றரை மடங்கு.

அதன் பிறகு நடந்தது எல்லாம் தராசுக்குக் கண்ணால் தெரியாது. செய்தித்தாளில் துண்டு துண்டாக வந்ததைப் படித்தாள். உச்சவரம்பைத் தூக்க அமைச்சகம் முதலில் மறுத்தது. பிறகு கமிட்டியில் நாலு வாக்கு குறைகிறது என்றார்கள். பிறகு இரண்டு. பிறகு ஒருநாள் வாக்கெடுப்பு முடிந்தது. மூன்று வருடம் கேட்டதற்கு இரண்டு வருடம் கிடைத்திருந்தது. அதே செய்தித்தாளின் உள்பக்கத்தில், பாப்பாவின் தொகுதிக்கு வருவதாக இருந்த ரயில் பாதை, பக்கத்துத் தொகுதி வழியாகத் திருப்பிவிடப்பட்டது என்று சின்னதாக ஒரு செய்தி.

அன்று சாயங்காலம் பாப்பா வந்தாள். காரை விட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ரயிலை வித்துட்டேன் அண்ணா."

"எந்த ரயில்?"

"எட்டு வருஷமா வரும் வரும்னு நான் ஊர் ஊராச் சொன்ன ரயில். அந்த ரெண்டு வாக்கு வேற எதுக்கும் மசியல."

பல் மருத்துவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "ஓட்டுப் போடறவங்களுக்கு ரயில் தெரியும் பாப்பா. உலை தெரியுமா?"

"ஆயிரத்தி அறுநூறு பேருக்குத் தெரியும். மத்த லட்சம் பேருக்குத் தெரியாது." அவள் சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "பத்து வருஷம் கழிச்சு அந்தத் தொழிற்சாலை வாசல்ல பூட்டு தொங்கறப்ப, நான் அதைத் தெரிஞ்சே விட்டேன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். அண்ணி அதை அந்த மேசையில உக்காந்து சொல்லாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

தராசு அவள் தலையை ஒருமுறை தொட்டாள். நன்றி என்று சொன்னால் அது ஆபீஸ் பேச்சாகிவிடும். "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

அடுத்த தேர்தலில் பாப்பா தோற்றாள். கொஞ்ச வாக்கில் இல்லை, நன்றாகவே தோற்றாள். எதிரில் நின்றவர் தன் சுவரொட்டியில் ஒரு தண்டவாளத்தை வரைந்து பாதியில் வெட்டிவிட்டிருந்தார். வேறு பிரசாரம் அவருக்குத் தேவைப்படவில்லை. பாதுகாப்புக் கார் நின்றது. தொழிற்சாலைக்காரர்கள் மட்டும் அவளுக்கு மொத்தமாகப் போட்டிருந்தார்கள் என்று எண்ணிக்கையில் தெரிந்தது. அவர்களிலும் முந்நூறு பேருக்கு மேல், ஓய்வு பெற்றவர்களின் இடம் நிரப்பப்படாமல் குறைந்திருந்தார்கள். மிச்சம் பேர் இஞ்சினைப் பிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கட்டுவதைவிடப் பிரிப்பது சிரமம், உள்ளே கரி என்று புலம்பினார்கள்.

இரண்டாவது கொட்டகை எழும்பியது. மூன்றாம் வருடப் பணம் இல்லாததால் அதற்குத் தனியாகப் பெரிய பளுதூக்கி வாங்க முடியவில்லை. பழைய கொட்டகையின் பளுதூக்கியையே மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அதனால் பன்னிரண்டு ஒன்பதாயிற்று. ஒரு தடவைக்கு ஆகும் செலவு, பழைய செலவில் நாலில் மூன்று பங்கு என்று வந்து நின்றது. அமைச்சர் சொன்ன மூன்றில் ஒன்று எங்கே என்று செய்தித்தாள்கள் கேட்டன. மிச்சப்படுத்திய பளுதூக்கியின் விலை, பறப்பு குறைந்ததால் இரண்டே வருடத்தில் கூடுதல் செலவாகிப் போனதைத் தராசு வருடாந்தர அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதினாள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவள் அடுத்த வருடமும் எழுதினாள்.

ஒரு வார நாளில் பாப்பாவை ஏவுதளத்துக்கு வரச் சொன்னாள். பாப்பா முதலில் மறுத்தாள். "இப்ப நான் யாரு, எந்தப் பேர்ல பாஸ் வாங்குவீங்க?" "உறவினர்னு ஒரு கட்டம் இருக்கு பாப்பா, அதுல டிக் போட்டா ஆச்சு" என்றாள் தராசு. பாப்பா பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள், சேலை எல்லாம் கசங்கி. வழியில் பக்கத்து இருக்கைக்காரி தன்னை அடையாளம் கண்டு ரயிலைக் கேட்டதையும், தான் பதிலுக்கு உலையைப் பற்றிச் சொன்னதையும், அந்தப் பெண் இறங்கும் வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டதையும் சொன்னாள்.

"என்ன சொன்னா கடைசியில?"

"என் பையன் தச்சு வேலை, அங்க எடுப்பாங்களான்னு கேட்டா."

இறக்கை வாசலுக்கே வந்து பாப்பாவை வரவேற்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. மேல்பாதியும் திரும்பி வருகிற மாதிரி ஒரு படம் வரைந்து வைத்திருப்பதாகவும், பணம் கேட்கும் தைரியம்தான் இல்லை என்றும் நடந்துகொண்டே சொன்னார். மூவரும் கட்டுப்பாட்டுக் கட்டிடத்தின் பின்பக்கம், உணவகத்துக்கு வெளியே இருந்த திறந்த முற்றத்தில் நின்றார்கள். தூரத்தில் வண்டி கிளம்பியது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பாப்பா தராசின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒளி சின்னதாகி மறைந்த பிறகு விடவும் இல்லை.

"இப்ப?"

"கொஞ்ச நேரத்துல கீழ்ப்பாதி வரும். இதுக்கு இது நாலாவது தடவை."

வந்தது. முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு தீக்கோடு, பிறகு கரி படிந்த நெடிய உருளை. இறங்கு களத்துக்கு மேலே தயங்குவது போல ஒரு கணம் நின்று, காலை விரித்து, புழுதிக்குள் இறங்கியது. பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். உணவகத்தின் கண்ணாடிக்கு உள்ளே முப்பது நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தட்டோடு வரிசையில் நின்றார். இரண்டு பேர் ஏதோ செல்பேசியில் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் ஜன்னல் பக்கம் வரவில்லை.

"என்ன அண்ணி இது, ஒருத்தர்கூட நிமிர்ந்து பாக்கல?"

"முதல் தடவை எல்லாரும் வெளிய ஓடி வந்தாங்க. சிலர் அழுதாங்க. ரெண்டாவதுக்குப் பாதிப் பேர்." தராசு புழுதி அடங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இப்ப பஸ் வந்து நிக்கற மாதிரி ஆயிடுச்சு."

பாப்பாவின் முகம் ஒரு நிமிடம் வாடியது. பிறகு அவளும் களத்தைப் பார்த்தாள். கரிய உருளையைச் சுற்றிச் சின்னச் சின்ன ஆட்கள் வண்டிகளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழு இஞ்சின்களும் இன்னும் சில நாளில் லாரியில் ஏறி அவள் ஊருக்குப் போகும்.

"பசிக்குது" என்றாள்.

மூவரும் உள்ளே போய் வரிசையில் நின்றார்கள்.